பயறுச் செடியின் வேரழுகல்: ஈஸ்ட் காப்பாற்றுமா?

நோன்புக் கஞ்சிக்குப் பாசிப்பருப்பு வேண்டும். மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து மந்தாரை இலையில் வேகவைக்கும் காஞ்சிபுரம் கோவில் இட்லிக்கு உளுந்து வேண்டும். ஒலிமுகமது பேட்டையில் ஆனாலும் சன்னதித் தெருவில் ஆனாலும் பயறு இல்லாமல் நம் ஊர்ச் சமையல் நடப்பதில்லை. ஆனால் அந்தப் பயறு வயலில் என்ன பாடுபட்டு வருகிறது என்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

உலகிலேயே பயறு வகைகளை அதிகம் விளைவிக்கும் நாடு இந்தியா. அதிகம் உண்பதும், அதிகம் இறக்குமதி செய்வதும் இந்தியாதான். நாம் வாங்கும் உளுந்தில் ஒரு பகுதி மியான்மரிலிருந்து கப்பலில் வருகிறது. விளைச்சல் போதாமைக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று, மண்ணுக்குள் இருந்துகொண்டு வேரைத் தின்னும் பூஞ்சை நோய். இந்த நோயை ஈஸ்ட் போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்களைக் கொண்டு அடக்க முடியுமா என்பதை இந்தக் கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். விவசாயம் செய்யும் சகோதரர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். மற்றவர்கள் படித்து, நிலம் வைத்திருக்கும் உறவினர்களுக்குச் சொல்லலாம்.

நோய் எப்படி இருக்கும்?

காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கங்களில் ஏரிப் பாசனத்தில் நெல் அறுத்த பிறகும், மானாவாரியாகவும் உளுந்து, பச்சைப்பயறு, காராமணி விதைப்பது வழக்கம். விதை நன்றாக முளைத்திருக்கும். மூன்று நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செடிகள் மஞ்சளாகி, இலை தொங்கி, வாடி நிற்கும். தண்ணீர் போதவில்லை என்று எண்ணித் தண்ணீர் பாய்ச்சுவார்கள். செடி பிழைக்காது.

அப்படி வாடிய செடியைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். வேரழுகல் நோயாக இருந்தால் அதிகச் சிரமம் இல்லாமல் கையோடு வந்துவிடும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்திருக்கும். பட்டை நார் நாராக உரியும். உரிந்த பட்டைக்குள் கரித்தூளைத் தூவியது போல மிகச் சிறிய கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவைதான் நோயின் விதைகள் என்று சொல்லலாம். இந்த நோயை உண்டாக்கும் பூஞ்சையின் பெயர் மேக்ரோபோமினா பேசியோலினா.

மஞ்சள் தேமல் நோயையும் இதையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. மஞ்சள் தேமல் என்பது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். அதில் இலையில் மஞ்சள் திட்டுகள் விழும், வேர் நன்றாகவே இருக்கும். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் வெளியிட்ட பல உளுந்து ரகங்கள் மஞ்சள் தேமலைத் தாங்குபவை. அந்த ரகத்தை விதைத்துவிட்டோம், எந்த நோயும் வராது என்று இருந்துவிடக் கூடாது. வேரழுகல் வேறு நோய், அதற்குத் தனியாகக் காப்பு வேண்டும்.

மருந்து அடித்தால் ஏன் போவதில்லை?

இலையில் வரும் நோய்க்கு இலையில் மருந்து அடிக்கலாம். இந்தப் பூஞ்சை இருப்பதோ மண்ணில். ஒரு ஏக்கர் மண் முழுவதையும் மருந்தால் நனைப்பது செலவுக்குக் கட்டுப்படியாகாது. அப்படியே நனைத்தாலும் நோய்க் கிருமியோடு மண்ணில் உள்ள நல்ல உயிர்களும் சேர்ந்து சாகும்.

இந்தப் பூஞ்சைக்கு உணவாகும் தாவரங்கள் 500-க்கும் மேல். உளுந்தை விட்டுவிட்டு எள், நிலக்கடலை, சோளம் என்று மாற்றினாலும் அவற்றிலும் அது வாழும். பயிரே இல்லாத காலத்தில், மேலே சொன்ன கறுப்புப் புள்ளிகளாகச் சுருண்டு, காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். நல்ல மழைக்குப் பின் வெயில் ஏறி, மண் காய்ந்து, செடி தண்ணீருக்கு ஏங்கும் நேரத்தில் விழித்துக்கொள்ளும். நம் பகுதியின் தட்பவெப்பம் அதற்கு மிகவும் ஏற்றது.

ஆனால் நீர் தேங்கிய மண் அதற்கு ஒத்துவராது. ஈரம் நிறைந்த மண்ணில் அந்தக் கறுப்புப் புள்ளிகள் சில வாரங்களுக்கு மேல் தாங்குவதில்லை. நெல்லுக்குப் பின் பயறு என்னும் நம் பெரியவர்களின் பழக்கத்துக்கு மண்ணை வளப்படுத்துவது மட்டுமின்றி இப்படியும் ஒரு பலன் உண்டு.

பூஞ்சைக்கு எதிராகப் பூஞ்சை

நெசவு தெரிந்த ஊருக்கு இதை விளக்குவது எளிது. பூஞ்சையின் உடல் இழைகளால் ஆனது. பட்டு இழையைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள் மண்ணுக்குள் ஓடி வேரைச் சுற்றிப் பின்னிக்கொள்கின்றன. அந்த இழையை அறுக்கக்கூடிய வேறு உயிர் மண்ணில் இருந்தால் நோய் அடங்கும்.

அப்படி ஓர் உயிர் இருப்பதை 1932-ல் வைண்ட்லிங் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். டிரைக்கோடெர்மா என்னும் பச்சை நிறப் பூஞ்சை, நோய் தரும் பூஞ்சையின் இழையைச் சுற்றி வளைத்து அதை உணவாக்கிக்கொள்வதை அவர் பதிவு செய்தார். மண்வழி நோய்களைப் பற்றிய ஆய்வுக்கு நம் மாநிலத்திலும் நீண்ட மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தை வழிநடத்திய டி.எஸ். சதாசிவன், பருத்தியின் வாடல் நோயை உண்டாக்கும் மண் பூஞ்சையைப் பற்றி அவரும் அவருடைய மாணவர்களும் செய்த ஆய்வுகளால் உலகளவில் அறியப்பட்டவர்.

கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதை விவசாயியின் கைக்குக் கொண்டுவந்தது. டிரைக்கோடெர்மாவை முகப்பவுடரில் சேர்க்கும் டால்க் என்னும் கல்மாவில் கலந்து, விதையில் பூசும் தூளாக்கினார்கள். சூடோமோனாஸ் புளூரசன்ஸ் என்னும் பாக்டீரியாவையும் அப்படியே தூளாக்கினார்கள். கொண்டைக்கடலையின் வாடல் நோய்க்கு எதிராக அந்தத் தூளை உருவாக்கிய வித்யாசேகரன், முத்தமிழன் ஆகியோரின் ஆய்வு 1995-ல் வெளிவந்தது. ஆக, பயறுப் பயிரின் வேரைக் காக்கும் உயிர்த்தூள் பல ஆண்டுகளாக நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

ஈஸ்ட் இதில் எங்கே வருகிறது?

ஈஸ்ட்டும் பூஞ்சை இனம்தான். ஆனால் பெரும்பாலும் இழையாக ஓடாமல் தனித்தனிச் செல்லாக வாழும். ரொட்டி மாவைப் பொங்க வைப்பது ஈஸ்ட். புளித்த இட்லி மாவிலும் பாக்டீரியாவோடு ஈஸ்ட் இருக்கும். பழத்தின் தோலிலும், பூவின் தேனிலும், செடியின் வேரை ஒட்டிய மண்ணிலும் பல வகை ஈஸ்ட்கள் இயற்கையாகவே வாழ்கின்றன.

அவை நோய்ப் பூஞ்சையை எதிர்க்கும் வழிகள் பல. வேர் கசியவிடும் சர்க்கரையை முந்திக்கொண்டு தின்று, பகைவனுக்கு உணவில்லாமல் செய்வது ஒரு வழி. சில ஈஸ்ட்கள் பூஞ்சையின் செல்சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. சில, பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும் ஆவியை வெளிவிடுகின்றன. மற்ற ஈஸ்ட்களைக் கொல்லும் நஞ்சைச் சுரக்கும் ஈஸ்ட்களும் உண்டு என்பது 1963-லேயே தெரியவந்தது. இன்னும் சில, செடியின் வளர்ச்சிக்கான ஊக்கிகளைச் சுரந்து வேரை வலுப்படுத்துகின்றன.

நம் சகோதரர்கள் பலர் பிழைப்புக்காகச் சென்றிருக்கும் அமீரகத்திலும் இந்தத் துறையில் குறிப்பிடத்தக்க வேலை நடந்திருக்கிறது. அல்ஐன் நகரில் உள்ள ஐக்கிய அரபு அமீரகப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலித் எல்-தராபிலி, சர்க்கரைக் கிழங்குச் செடியின் வேர் மண்ணிலிருந்து மூன்று ஈஸ்ட்களைப் பிரித்தெடுத்தார். நாற்றழுகலையும் வேரழுகலையும் உண்டாக்கும் ரைசோக்டோனியா என்னும் பூஞ்சைக்கு எதிராக அவற்றைக் கண்ணாடிக் குடிலில் சோதித்தார். ஒவ்வொன்றும் தனியாகவே நோயைக் குறைத்தது, மூன்றையும் சேர்த்தபோது பலன் கூடியது. அந்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. 2006-ல் அவரும் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் சிவசிதம்பரமும் சேர்ந்து, மண்வழி நோய்களுக்கு எதிராக ஈஸ்ட்களைப் பயன்படுத்தும் வாய்ப்பைப் பற்றித் தொகுப்புக் கட்டுரை ஒன்று எழுதினார்கள். எகிப்திய ஆய்வாளர்கள் பீன்ஸ் செடியின் வாடல் நோய்க்கும் வேர்மண் ஈஸ்ட்களைச் சோதித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்ததும் உடனே கடைக்குப் போய் பேக்கரி ஈஸ்ட் வாங்கி வயலில் கொட்டலாமா என்று கேட்கத் தோன்றும். கொட்ட வேண்டாம் என்பதே நம் பதில். அதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, கண்ணாடிக் குடிலில் தொட்டி மண்ணில் கிடைத்த பலன் வயலிலும் அப்படியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வயல் மண்ணில் வெயில், வறட்சி, கோடிக்கணக்கான மற்ற நுண்ணுயிர்கள் என்று எல்லாமே உண்டு. வெளியிலிருந்து வந்த உயிர் அங்கே நிலைக்க வேண்டும்.

இரண்டாவது, ஆய்வில் பயன்பட்டவை வேரிலேயே வாழ்ந்து பழகிய குறிப்பிட்ட ஈஸ்ட் இனங்கள். மாவில் வளரப் பழகிய பேக்கரி ஈஸ்ட் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றாகிவிடாது.

மூன்றாவது, பாதுகாப்பு. எல்-தராபிலியின் ஆய்வில் இருந்த மூன்று ஈஸ்ட்களில் ஒன்று டிரைக்கோஸ்போரான் அசாஹி. நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்த மனிதர்களுக்கு ரத்தத்தில் கடும் தொற்றை உண்டாக்கக்கூடிய இனம் அது. செடிக்கு நன்மை செய்வது மனிதனுக்குத் தீங்கு செய்யாது என்று முன்கூட்டியே முடிவு செய்ய முடியாது. இந்த ஆபத்தைச் சோதித்துப் பார்க்கத்தான் அரசின் பதிவு என்ற ஏற்பாடு இருக்கிறது.

உலகச் சந்தைக்கு வந்த ஈஸ்ட் பொருள்கள் பெரும்பாலும் வேருக்காக வந்தவை அல்ல. 1990-களில் அமெரிக்காவில் வந்த ஆஸ்பையர், பறித்த ஆப்பிள், ஆரஞ்சுப் பழங்கள் கிடங்கில் அழுகாமல் காப்பதற்கானது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல் அனுமதித்த செரெவிசேன் என்பது ஈஸ்ட்டின் செல்சுவரிலிருந்து எடுத்த பொருள். திராட்சை போன்ற பயிர்களின் இலை நோய்க்கு எதிராகச் செடியின் எதிர்ப்பாற்றலைத் தூண்ட அதைத் தெளிக்கிறார்கள். பயறின் வேரழுகலுக்கு ஈஸ்ட் என்பது நம்பிக்கை தரும் ஆய்வு நிலையில் இருக்கிறது. இன்று விதைக்கப் போகும் விவசாயி அதை நம்பி விதையைப் பணயம் வைக்கக் கூடாது.

மார்க்க ரீதியாக எழும் கேள்வி

ஈஸ்ட் என்றதும், அது மது தயாரிக்கப் பயன்படுவதாயிற்றே, வயலில் போடலாமா என்று சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. ஈஸ்ட் ஓர் உயிர். அது தன்னளவில் போதைப் பொருள் கிடையாது. நாம் அன்றாடம் உண்ணும் ரொட்டியில் இருப்பது அதுதான். ஈஸ்ட் தூளை வயலுக்குப் பயன்படுத்துவதில் இந்தக் காரணத்தால் தயங்க வேண்டியதில்லை.

பஞ்சகவ்யம் போன்ற கரைசல்களைத் தயாரிக்கும் சிலரது செய்முறையில் கள் சேர்க்கச் சொல்வார்கள். கள்ளை வாங்குவதும் சுமப்பதும் வேறு விஷயம், அதிலிருந்து விலகி நிற்பதே நமக்குரியது. கள் அங்கே சேர்க்கப்படுவது அதிலுள்ள ஈஸ்ட்டுக்காக. அதற்குப் பதிலாக வெதுவெதுப்பான நீரில் வெல்லமும் ஈஸ்ட் தூளும் கரைத்துச் சேர்க்கும் முறை வழக்கத்தில் இருக்கிறது. ஆகவே கள் இல்லாமல் அந்தக் கரைசல் வராது என்று யாரும் சொல்ல முடியாது. அதே சமயம், அந்தக் கரைசல் வேரழுகலுக்கு மருந்து என்றும் எண்ணிவிடக் கூடாது.

இன்று செய்யக்கூடியவை

ஒரு ஏக்கர் உளுந்துக்குச் சுமார் 8 கிலோ விதை போகும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி, அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் புளூரசன்ஸ் கலக்க வேண்டும். ஏக்கருக்குக் கணக்கிட்டால் டிரைக்கோடெர்மா 32 கிராம், அல்லது சூடோமோனாஸ் 80 கிராம். விதை வாங்கும் செலவோடு பார்த்தால் இது மிகச் சிறு செலவு. நோய் வந்து மறுபடி விதைக்க நேர்ந்தால் விதைக்கும் கூலிக்கும் இரண்டாம் முறை செலவாகும், பருவமும் தப்பிவிடும். குத்தகைக்கு நிலம் எடுத்தவருக்கு அந்த ஒரு போகமே போனதாகிவிடும்.

விதையில் இந்த உயிர்த்தூளை முதலில் கலக்க வேண்டும். அதன் பிறகு ரைசோபியம் உயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் கால்மணி நேரம் உலர்த்தி விதைக்க வேண்டும். பட்டுப் பாவுக்கு இழை விறைப்பாக நிற்கக் கஞ்சி போடும் ஊரில், உயிர் உரம் விதையில் ஒட்டுவதற்கும் கஞ்சி பயன்படுகிறது. வெயிலில் உலர்த்தினால் பூசிய உயிர்கள் செத்துவிடும்.

இங்கே பலர் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. விதைக்கு இரசாயனப் பூஞ்சாணக்கொல்லி கலந்தால் அதோடு இந்த உயிர்த்தூளைக் கலக்கக் கூடாது. பூஞ்சையைக் கொல்லும் மருந்து டிரைக்கோடெர்மாவையும் கொல்லும், ஏனென்றால் அதுவும் பூஞ்சைதான். இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் போட்டால் இரட்டிப்புப் பலன் என்று எண்ணிச் செய்தால், உயிர்த்தூளுக்குக் கொடுத்த காசு வீண்.

விதைத்து 30 நாள் ஆனதும் ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா அல்லது சூடோமோனாஸை 20 கிலோ மட்கிய தொழு உரத்தில் அல்லது மணலில் கலந்து மண்ணில் இடலாம். மண்ணில் ஈரம் இருக்கும்போது இட வேண்டும். அடியுரமாக ஏக்கருக்கு 60 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுவதும் வேரழுகலைக் குறைக்கும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை மட்கிய எரு. எரு இல்லாத மண்ணில் எந்த நல்ல உயிரைக் கொண்டுவந்து விட்டாலும் அதற்கு உணவு இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், தமது கிதாபுல் ஃபிலாஹா என்னும் வேளாண் நூலைத் தொடங்கும்போதே மண்ணின் வகைகளையும் எருவின் வகைகளையும் பற்றி விரிவாக எழுதினார். நுண்ணுயிர் என்ற ஒன்றை யாரும் பார்த்திராத காலம் அது. எரு மண்ணுக்கு என்ன செய்கிறது என்பதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

பூ விடும் நேரத்திலும் காய் பிடிக்கும் நேரத்திலும் செடியைக் காயவிடாமல் ஒரு தண்ணீர் கொடுப்பதும் முக்கியம். இந்தப் பூஞ்சை தாகத்தில் இருக்கும் செடியையே எளிதில் பிடிக்கிறது. நோய் வந்து செத்த செடிகளை வயலிலேயே மடக்கி உழாமல் பிடுங்கி அகற்றிவிட வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

டிரைக்கோடெர்மா போன்ற உயிரியல் மருந்துகள் இந்தியாவில் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. உறையில் பதிவு எண் இருக்க வேண்டும். ஒரு கிராம் தூளில் எத்தனை உயிர்கள் என்பதும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். டிரைக்கோடெர்மாவுக்கு ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் என்பது அளவு. தயாரித்த தேதியையும் காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது உயிர் என்பதால், வெயிலில் அடுக்கி வைத்த பொட்டலத்தைத் தேதி இருந்தாலும் வாங்க வேண்டாம். வீட்டில் உரமூட்டையோடும் பூச்சி மருந்தோடும் வைக்காமல் குளிர்ந்த நிழலில் வைக்க வேண்டும்.

வட்டாரத்தில் உள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தில் முதலில் விசாரிப்பது நல்லது. காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் என்று மாவட்டத்தின் ஐந்து வட்டாரங்களில் எந்த வட்டாரமானாலும் அங்குள்ள வேளாண் அலுவலரிடம் வாடிய செடியை வேரோடு பிடுங்கிக் கொண்டுபோய்க் காட்டலாம். ஈஸ்ட் கலந்த அதிசய மருந்து என்று பதிவு எண் இல்லாத பாட்டிலை யாராவது கொண்டுவந்தால், எந்த இனம், எந்தப் பயிரில் சோதித்தது, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய பொருள் எதையும் சோதிக்க ஒரு நேர்மையான வழி இருக்கிறது. வயலில் நான்கு வரிசையை மட்டும் அந்தப் பொருள் இல்லாமல் விட்டுவிடுங்கள். அதே விதை, அதே தண்ணீர், அதே நாள். 40-ஆம் நாள் இரண்டு பக்கமும் ஒரே அளவு நீளத்தில் செத்த செடிகளை எண்ணுங்கள். அடுத்த போகத்திலும் வயலின் வேறு பகுதியில் அதையே செய்து பாருங்கள். இரண்டு முறையும் வித்தியாசம் தெரிந்தால் அந்தப் பொருள் உங்கள் மண்ணில் வேலை செய்கிறது என்று கொள்ளலாம்.

வரும் ஆடிப்பட்டத்துக்கோ தைப்பட்டத்துக்கோ விதை வாங்கும் சகோதரர்கள் விதையோடு சேர்த்து அந்த 32 கிராமையும் மறக்காமல் வாங்குங்கள். ஈஸ்ட் ஆய்வுகள் வயலுக்கு வந்து, பதிவு பெற்று, கடைக்கு வரும் நாள் வந்தால் அப்போது அதையும் நான்கு வரிசை விட்டுச் சோதித்துப் பார்த்து முடிவு செய்வோம்.